எரித்ததைத் திரும்பச் சாப்பிடலாமா?

(நடைப்பயிற்சியாளர் சங்கக் கூட்டம் ஒன்றில் உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். "சார், எங்கள் ஆட்களில் பாதிப் பேர் டயட்டில் இருக்கிறார்கள். எல்லார் கையிலும் வாட்ச். நடந்து முடித்ததும் அது முந்நூறு கலோரி எரிந்தது என்கிறது. அந்த முந்நூறையும் அன்றைய சாப்பாட்டில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார்.

அதை மட்டும் சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். உங்களில் பெரும்பாலோருக்கு, வேண்டாம். சிலருக்குக் கட்டாயம் வேண்டும். சாப்பிடாவிட்டால் உடம்பு கெடும். யார் அந்தப் பெரும்பாலோர், யார் அந்தச் சிலர் என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

முதலில் அந்த முந்நூறைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடக்கிறார். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். இந்த வேகத்தில் நடந்தால் அதைப்போல மூன்றரை மடங்கு. அறுபதை மூன்றரையால் பெருக்கினால் 210. ஆனால் இந்த 210-இல் ஒரு சூது இருக்கிறது. நடக்காமல் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் 60 கலோரி செலவாகியிருக்கும். இதயம் துடிக்க, மூச்சு விட, உடம்பு சூடாக இருக்க ஆகும் செலவு அது. ஆகவே நடந்ததால் கூடுதலாக எரிந்தது 150 மட்டுமே. ஜிம்மில் இருக்கும் ட்ரெட்மில் பெரும்பாலும் மொத்தத்தைத்தான் காட்டும். கூடுதலைத் தனியாகப் பிரித்துக் காட்டாது.

150 கலோரி என்றால் எவ்வளவு? இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு ஃபில்டர் காபி, பாலும் சேர்த்துச் சுமார் நூறு. எண்ணெயில் பொரித்த மெதுவடை ஒன்று, கடைக்காரர் கையின் தாராளத்தைப் பொறுத்து, நூறுக்கு மேல். காபியும் வடையும் சேர்ந்தால் உங்கள் ஒரு மணி நேர நடை முடிந்தது, கூடவே கொஞ்சம் கடனும் ஏறியது. நம் ஊர்ப் பூங்கா வாசல்களில் காலை ஏழு மணிக்கு என்னென்ன விற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, முளைகட்டிய பயறு, சூப், கேழ்வரகுக் கூழ். அருகம்புல் சாற்றில் கலோரி என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஆனால் அதே வரிசையில் நிற்கும் கரும்புச்சாறு ஒரு டம்ளரில் நூறுக்குக் குறையாது. 'ஹெல்த்தி' என்று எழுதி வைத்திருப்பதற்கும் கலோரிக்கும் தொடர்பில்லை.

அடுத்து வாட்ச். 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு வகைக் கைப்பட்டைகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். நடக்கவைத்தார்கள், ஓடவைத்தார்கள், சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். மூச்சுக்காற்றை அளந்து உண்மையான செலவையும் கணக்கிட்டார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலான பட்டைகள் சரியாகவே சொல்லின. ஏழில் ஆறில் தவறு ஐந்து சதவீதத்துக்குள். கலோரியில்தான் கோட்டை விட்டன. இருப்பதிலேயே நல்ல பட்டை சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். வாட்ச் காட்டும் கலோரியும் ஆட்டோ மீட்டரும் ஒரு ஜாதி. ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதை வைத்துக் கணக்குத் தீர்க்க முடியாது. எத்தனை அடி நடந்தோம், துடிப்பு எவ்வளவு ஏறியது, இவற்றுக்கு வாட்ச் நல்ல துணை. எனக்கு அதன்மேல் பகை ஒன்றும் இல்லை.

மூன்றாவது ஒரு குழப்பம் இருக்கிறது. டயட் ஆப்களைப் பயன்படுத்துவோர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆப்பைத் திறந்ததும் அது கேட்கும்: நீங்கள் உட்கார்ந்தே வேலை செய்பவரா, ஓரளவு உழைப்பவரா, கடுமையாக உழைப்பவரா? நாம் பெருமையாக 'ஓரளவு உழைப்பவர்' என்று தட்டுவோம். தினமும் நடக்கிறோமே! அது நடையையும் சேர்த்தே ஒரு நாள் தேவையைக் கணக்கிட்டுவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரையைப் பாருங்கள். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு நாளைக்கு 1,660 கலோரி. மிதமாக உழைக்கும் பெண்ணுக்கு 2,130. ஆணுக்கு 2,110-உம் 2,710-உம். பெண்ணின் கணக்கில் இருக்கும் அந்த 470 கலோரி வித்தியாசம் உழைப்புக்காகச் சேர்த்ததுதான். அதை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வாட்ச் சொன்ன 300-ஐயும் கூட்டினால் ஒரே நடைக்கு இரண்டு முறை சம்பளம் வாங்கிய கதை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண், உட்கார்ந்து வேலை பார்ப்பவர். ஒரு நாள் தேவை சுமார் 1,700 என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைக்க 1,300 சாப்பிடத் திட்டம். ஒரு நாளைக்கு 400 குறை விழுகிறது. இனி நடக்கத் தொடங்குகிறார். உண்மையில் எரிவது 150. வாட்ச் சொல்வது 270. அந்த 270-ஐத் திரும்பச் சாப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்கிறார். ஆனால் சட்டினியில் தாளித்த எண்ணெய், தோசைக்கல்லில் சுற்றிவிட்ட எண்ணெய் இவற்றை யார் அளக்கிறார்கள்? ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. ஆகவே 270 என்று நினைத்துச் சாப்பிட்டது 350-இல் போய் நிற்கிறது. கூட்டிக் கழியுங்கள்: 400 உடன் 150, அதில் 350 போக மிச்சம் 200. நடக்காமல் வீட்டிலேயே இருந்திருந்தால் 400 குறைந்திருக்கும்! நடந்து, வியர்த்து, திரும்பச் சாப்பிட்டு, பலன் பாதியாகிவிட்டது. "தினமும் நடக்கிறேன் டாக்டர், எடை அசையவே மாட்டேன் என்கிறது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது தைராய்டு இல்லை, இந்தக் கணக்குதான்.

இப்படிக் கணக்குத் தவறுவது நமக்கு மட்டும் வாய்த்த பலவீனம் என்று நினைக்க வேண்டாம். என்ன டயட் இருந்தும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 1992-இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் தாங்கள் சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும், செய்த உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னவர்கள் இல்லை. மனசு அப்படித்தான் கணக்கெழுதுகிறது.

உடம்பும் தன் பங்குக்கு ஒரு கணக்கு எழுதுகிறது. தான்சானியாவில் ஹட்சா என்று ஒரு வேட்டைச் சமூகம். நாள் முழுக்க நடையும் தோண்டலும்தான் வாழ்க்கை. ஹெர்மன் பான்ட்ஸர் என்ற மானிடவியலாளர் குழுவினர் அவர்களின் ஒரு நாள் மொத்தக் கலோரிச் செலவை அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். உடல் அளவை ஈடுகட்டிப் பார்த்தால், அது அமெரிக்க நகரவாசியின் செலவை ஒட்டியே இருந்தது. 2021-இல் 1,754 பேரின் அளவீடுகளைத் திரட்டிய இன்னொரு ஆய்வு, உழைப்பில் நாம் கூடுதலாகச் செலவிடும் கலோரியில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறெங்கோ சிக்கனம் பிடித்து ஈடுகட்டிவிடுகிறது என்று கணித்தது. கொழுப்பு மிகுந்தவர்களிடம் இந்தச் சிக்கனம் இன்னும் அதிகம். அப்படியானால் நாம் கணக்கிட்ட 150-உம் முழுசாக நம் கைக்கு வராது. சுமார் 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தவிர, நாமே செய்யும் ஈடுகட்டல் ஒன்றும் உண்டு. காலையில் நடந்துவிட்டோம் என்ற தெம்பில் பக்கத்துத் தெருக் கடைக்கு ஸ்கூட்டரை எடுப்பது.

"அப்படியானால் பசித்தால் என்ன செய்வது? பசியோடேயே இருக்கச் சொல்கிறீர்களா?" என்று முன்வரிசையில் ஐயா ஒருவர் கேட்கிறார். நல்ல இடத்தில் கேட்டீர்கள், ஐயா. வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுப் பசியைப் பற்றித்தான் பேச வந்தேன். அதற்கு நாம் மேற்கு வங்கத்துக்குப் போக வேண்டும்.

1950-களில் கல்கத்தாவை அடுத்த ஒரு பெரிய சணல் ஆலை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்து அறிஞர் ழான் மேயரும், ராய், மித்ரா என்ற இரண்டு ஆய்வாளர்களும் அங்கே வேலை செய்த இருநூற்றுச் சொச்சம் ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஆலைக்குள் எத்தனை விதமான உடம்புகள்! ஆலை வளாகக் கடைத்தெருவில் கல்லாவில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்கள். மேஜையை விட்டு எழாத குமாஸ்தாக்கள். மெக்கானிக்குகள், தறியில் நிற்பவர்கள். சணல் பொதியை முதுகில் சுமப்பவர்கள், கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுபவர்கள். ஒவ்வொருவரும் என்ன சாப்பிடுகிறார், எடை என்ன என்று குறித்தார்கள். 1956-இல் முடிவு வெளியானது.

இலேசான வேலை தொடங்கிக் கடுமையான வேலை வரையில் பார்த்தால், வேலை ஏற ஏறச் சாப்பாடும் ஏறியது. எடை மட்டும் பெரும்பாலும் ஒரே அளவில் நின்றது. நிலக்கரி அள்ளியவர் எரித்ததை எல்லாம் திரும்பச் சாப்பிட்டார். யாரும் அவருக்குக் கலோரி சொல்லித்தரவில்லை. பசி சொன்னது, சோற்றைப் போட்டுக்கொண்டார், கணக்கு நேரானது. வேடிக்கை மறுமுனையில் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள் இலேசான வேலை செய்தவர்களைவிடக் குறைவாகத்தானே சாப்பிட்டிருக்க வேண்டும்? இல்லை. மூட்டை தூக்கியவர்களுக்கு நிகராகச் சாப்பிட்டார்கள். எடையிலும் அவர்களே முன்னால் நின்றார்கள். உழைப்பு ஓர் அளவுக்குக் கீழே போனால், பசி அதோடு சேர்ந்து கீழே இறங்குவதில்லை என்பது மேயரின் முடிவு.

இந்த ஆய்வின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலகட்டத்தில் எடுத்த ஒரே படம் அது. உட்கார்ந்ததால் பருத்தார்களா, பருத்தவர்கள் உட்காரும் வேலைக்கு வந்தார்களா என்று அந்தப் படம் சொல்லாது. கல்லாக்காரரின் வசதி வேறு, சுமைக்காரரின் வறுமை வேறு. பின்னால் வந்த ஆய்வுகளில் சில மேயரை ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை. இருந்தாலும் எழுபது ஆண்டுகளாக இந்தத் துறையில் யார் பேசினாலும் அந்தச் சணல் ஆலைக்கு ஒரு முறை போய்த்தான் வருகிறார்கள். நம் கேள்விக்கு அது ஒரு வழி காட்டுகிறது என்பது என் கருத்து. உட்கார்ந்தே இருக்கும் உடம்பின் பசியை நம்ப முடியாது. தினமும் அசையும் உடம்பின் பசியை ஓரளவு நம்பலாம். நடையின் பெரிய லாபம் அந்த 150 கலோரியில் இல்லை. மந்தமாகிப்போன பசியுணர்வு மெல்ல நேராவதில் இருக்கிறது. அதைப் போய் வாட்சிடம் ஒப்படைப்பானேன்?

ஆகவே ஐயா, பசித்தால் சாப்பிடுங்கள். வாட்ச் காட்டியதற்காகச் சாப்பிடாதீர்கள். நடந்து முடித்த கையோடு வருவது பெரும்பாலும் தாகம். தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். பிறகும் வயிறு கேட்டால், ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு முட்டை, ஒரு டம்ளர் மோர் போதும். டயட்டில் எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. குறைகிற எடையில் ஏறத்தாழக் கால் பங்கு தசை என்பது பொதுவான கணிப்பு. அதைக் காப்பதற்குப் புரதமும் கொஞ்சம் பளு தூக்கும் பயிற்சியும் உதவும். அதனால் கூடுதலாக ஒன்று சாப்பிடுவதாக இருந்தால் அது பயறாகவோ முட்டையாகவோ மீனாகவோ இருக்கட்டும்.

ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதிக எடையுள்ள 35 பேரை 12 வாரம் மேற்பார்வையில் வைத்து ஒரே அளவு கலோரி எரிய உடற்பயிற்சி செய்யவைத்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. சராசரியாக 3.7 கிலோ குறைந்தார்கள். ஆனால் ஒருவர் 14.7 கிலோ குறைந்தார், இன்னொருவர் 1.7 கிலோ கூடினார்! பயிற்சி ஒன்றுதான், அதற்குப் பிறகு தட்டில் விழுந்தது வேறு. உங்கள் உடம்பு இதில் எந்தப் பக்கம் என்று வாரக் கணக்கில் எடை பார்த்தால் தெரிந்துவிடும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பாருங்கள், ஏழு நாள் சராசரியை எடுங்கள். உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். மூன்று நான்கு வாரம் பார்த்து, எடை திட்டத்தைவிட வேகமாக இறங்கினால், படியேற முடியாமல் சோர்வு வந்தால், இரவில் தூக்கம் கெட்டால், எரித்ததில் பாதியையாவது திரும்பச் சாப்பிடத் தொடங்குங்கள். எடை அசையவே இல்லை என்றால் முதலில் எண்ணெய்க் கரண்டியைப் பாருங்கள்.

இனி அந்தச் சிலர். எரித்ததைக் கட்டாயம் திரும்பச் சாப்பிட வேண்டியவர்கள்.

மாரத்தான் ஓடுபவர்கள் முதலில். ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி. 60 கிலோ ஆள் 20 கிலோமீட்டர் ஓடினால் 1,200. இதைத் திரும்பச் சாப்பிடாமல் மறுநாளும் ஓடுவது வீரமில்லை. கட்டட வேலைக்கும் சுமை வேலைக்கும் போகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. சணல் ஆலைக்காரர் போல அவர்கள் பசிக்குச் சாப்பிடுகிறார்கள். கூலிதான் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை விளையாட்டுத் துறையில் இருக்கும் பெண் பிள்ளைகள் பற்றித்தான். தடகளம், கபடி, பளுதூக்குதல் என்று நம் ஊர்ப் பெண்கள் எவ்வளவோ வந்துவிட்டார்கள். எடைப் பிரிவுக்காகவும் வேகத்துக்காகவும் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள். விளையாட்டு மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் எரித்ததைக் கழிக்க வேண்டும். மிச்சத்தைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். அது கிலோவுக்கு 30-க்குக் கீழே போனால் ஆபத்து. 45 இருந்தால் நல்லது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கலாக 40 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் 600 எரிக்கிறாள். அவள் 2,400 சாப்பிட வேண்டும். 1,800-க்குக் கீழே போகவே கூடாது. வீட்டில் அம்மா போடும் மூன்று இட்லி, ஒரு தட்டு சோறு இந்தக் கணக்குக்கு எட்டாது. எட்டாமல் போனால் முதலில் மாதவிலக்கு தள்ளிப்போகும், பிறகு நின்றுபோகும். அதோடு எலும்பு மெலியும், காலெலும்பில் மயிர்க்கீறல் விழும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதை ஒரு தனி உடல்நலக் கேடாக அறிவித்து, ஆண்களுக்கும் வரும் என்று சேர்த்துச் சொன்னது. மாதவிலக்கு நின்றதைப் பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளம் என்று எந்தக் கோச்சாவது சொன்னால், அம்மாக்களே, பிள்ளையை அழைத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாகச் சர்க்கரை நோயாளிகள். 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்த அரங்கில் எத்தனை பேர் என்று நான் கை தூக்கச் சொல்லப்போவதில்லை. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நான் இதுவரை சொன்ன 'வேண்டாம்' தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு நடையும் மருந்தும் குறைந்த சாப்பாடும் ஒன்று சேர்ந்தால் லோ சுகர் வரும். சில நேரம் நடந்த அன்று ராத்திரி தூக்கத்திலும் வரும். டயட் தொடங்கும் முன்பே மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நடக்கக் கிளம்பும்போது சட்டைப் பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, கண் இருட்டினால் நின்று அதை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. அந்த நேரத்தில் கலோரிக் கணக்குப் பார்க்காதீர்கள்.